தம் கொடிக்காகக் காத்திருந்த வீரர்

வட ஐரோப்பாவில் ஏரிகளும் காடுகளும் நிறைந்த சிறிய நாடு பின்லாந்து. 1809 முதல் அந்நாடு ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே குவோப்பியோ என்னும் ஊரில் 1889ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ஹன்னஸ் கோலெமைனன் பிறந்தார். அவர் கொத்தனார், நெடுந்தொலைவு ஓட்டத்தில் தளராத பயிற்சி உடையவர்.

1912ஆம் ஆண்டு சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. பின்லாந்து தனி அணியாகப் பங்கேற்றது. கோலெமைனன் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 5,000 மீட்டர் ஓட்டத்தில் பிரான்ஸ் வீரர் ழான் புவேன் இறுதிவரை அவருக்கு ஈடுகொடுத்தார். கோலெமைனன் 14 நிமிடம் 36.6 நொடியில் ஓடி, பத்தில் ஒரு நொடி வேறுபாட்டில் முந்தினார். மேடுபள்ளமான நாட்டுப்புறப் பாதை ஓட்டத்திலும் அவரே முதலிடம் பெற்றார்.

வென்றவர் பின்லாந்து வீரர். கம்பத்தில் ஏறியதோ ரஷ்யக் கொடி. தம் நாட்டுக்கெனக் கொடி இல்லையே என்னும் துயரம் வெற்றியின் மகிழ்ச்சியைக் குறைத்தது.

பின்னர் அவர் அமெரிக்காவிற்குச் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தார். முதல் உலகப் போரால் 1916ஆம் ஆண்டுப் போட்டிகள் நடைபெறவில்லை. 1917இல் பின்லாந்து விடுதலை பெற்றது. மறு ஆண்டே வெண்ணிறத்தில் நீலச் சிலுவை பொறித்த கொடியை ஏற்றது.

1920ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் கோலெமைனன் மாரத்தான் ஓடினார். அயல்நாட்டில் வாழ்ந்தபோதும் அவர் தாய்நாட்டு அணியிலேயே இடம்பெற்றார். ஏறத்தாழ 42.75 கிலோமீட்டர் தொலைவை 2 மணி 32 நிமிடம் 35.8 நொடியில் கடந்து தங்கம் வென்றார். அவருக்கு அடுத்து வந்தவர், புதிதாக விடுதலை பெற்ற மற்றொரு சிறுநாடான எஸ்தோனியாவின் வீரர். இம்முறை கோலெமைனனின் வெற்றிக்குப் பின்லாந்தின் கொடியே உயர்ந்தது.

1952இல் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலேயே ஒலிம்பிக் நடைபெற்றது. கோலெமைனனைக் கண்டு ஊக்கம் பெற்று வளர்ந்த பாவோ நூர்மி அரங்கினுள் சுடரேந்தி வந்தார். அரங்கக் கோபுரத்தின் உச்சியில் அச்சுடரை ஏற்றியவர், 62 வயதான கோலெமைனன். அவர் 1966இல் மறைந்தார்.

எந்த ஊரில் வாழ்ந்தாலும் தம் மண்ணை மறவாமல் உழைப்பவர் அதற்குப் பெருமை சேர்ப்பர் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

சொற்பொருள்
தளராத – சோர்வடையாத
ஈடுகொடுத்தல் – சமமாக நிற்றல்
அயல்நாடு – பிறநாடு

வினாக்கள்
1. 1912இல் கோலெமைனன் வென்ற ஓட்டங்கள் யாவை?
2. அவரது மகிழ்ச்சி குறைந்தது ஏன்?
3. ஸ்டாக்ஹோம் வெற்றியையும் ஆண்ட்வெர்ப் வெற்றியையும் ஒப்பிட்டு எழுதுக.