கெர்ட்டி கோரி: சீனியின் வழியைக் கண்ட பெண்

நோன்பு நாட்களில் சஹர் முடிந்தது முதல் மஃரிப் வரை நாம் எதையும் உண்பதில்லை. ஆனாலும் மூளைக்குத் தேவையான குளுக்கோசு இரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. ஈரல் தான் சேமித்து வைத்த கிளைக்கோசனை உடைத்துத் தேவைக்கேற்ப அனுப்புகிறது. அல்லாஹ் நம் உடலில் அமைத்த இந்த ஒழுங்கை மூலக்கூறு மட்டத்தில் விளங்கவைத்தவர்களுள் ஒரு பெண் முக்கியமானவர். அவர்தான் கெர்ட்டி கோரி.

1896 ஆகஸ்ட் 15ஆம் திகதி பிராக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை சீனி ஆலைகளை நடத்திய இரசாயனவியலாளர். 16 வயதில் மருத்துவராக விரும்பினார் கெர்ட்டி. ஆனால் அவர் படித்த பெண்கள் பாடசாலையின் கல்வி அதற்குப் போதவில்லை. விடுபட்ட இலத்தீன், கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றை விரைவாகக் கற்றுப் பரீட்சையில் சித்தியடைந்து, 1914இல் மருத்துவ பீடத்தில் நுழைந்தார். உடன் படித்த கார்ல் கோரியை 1920இல் மணந்தார். 1922இல் இருவரும் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்றனர்.

அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஆய்வு செய்வதைப் பலர் விரும்பவில்லை. கணவரின் முன்னேற்றத்துக்கு அவர் தடையாக இருக்கிறார் என்றுகூடச் சொன்னார்கள். கெர்ட்டி ஆய்வை விடவில்லை. கடுமையாக உழைக்கும் தசையில் உண்டாகும் இலற்றிக்கமிலம் ஈரலுக்குச் சென்று மீண்டும் குளுக்கோசாகித் தசைக்குத் திரும்புகிறது என்று 1929இல் இருவரும் விளக்கினர். அதுவே கோரி வட்டம்.

1931இல் சென் லூயிஸ் நகரின் வோஷிங்டன் பல்கலைக்கழகம் கார்லுக்குப் பேராசிரியர் பதவி வழங்கியது. கெர்ட்டிக்குக் கிடைத்தது ஆய்வு உதவியாளர் பதவியும் கணவரின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கும்தான். அந்த நிலையிலும் கிளைக்கோசனை உடைக்கும் பொசுபோரிலேசு என்ற நொதியத்தைக் கண்டறிந்தார்கள். அந்த நொதியம் ஊக்கமானதாகவும் ஊக்கம் குறைந்ததாகவும் இரண்டு வடிவங்களில் இருப்பதையும் காட்டினார்கள். உடல் தன் சேமிப்பை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதன் இரகசியம் இந்த மாற்றத்தில்தான் இருந்தது. அவர்களது ஆய்வுகூடத்தில் பயின்ற ஏர்ல் சதர்லாண்ட், எட்வின் கிரெப்ஸ் போன்றோர் பின்னர் இவ்வழியிலேயே சென்று நோபல் பரிசு பெற்றனர்.

1947இல் கெர்ட்டி பேராசிரியரானார். அதே வருடம் கார்லுடனும் பெர்னார்டோ ஊசேயுடனும் நோபல் பரிசைப் பகிர்ந்தார். மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் அவ்வருடமே என்பு மச்சையைப் பாதிக்கும் தீராத நோய் அவருக்கு இருப்பது தெரியவந்தது. இரத்தம் ஏற்றிக்கொண்டே பத்து வருடங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். பிள்ளைகளின் ஈரலில் கிளைக்கோசன் அளவுக்கு மீறிச் சேரும் ஒரு பரம்பரை நோய்க்கு, குறித்த ஒரு நொதியம் இல்லாமையே காரணம் என்று 1952இல் கணவருடன் சேர்ந்து நிறுவினார். 1957 ஒக்டோபர் 26ஆம் திகதி காலமானார்.

பதவி பிந்தி வந்தது, நோய் முந்தி வந்தது. இரண்டுக்கும் அவர் ஆய்வை நிறுத்தவில்லை. நம் பாடசாலையில் இன்று விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது, ஆய்வுகூடம் இருக்கிறது. கெர்ட்டிக்கு 16 வயதில் கிடைக்காதவை இவை. அடுத்த நோன்பில் பகல் முழுதும் பசித்திருந்தும் பாடம் மனதில் நிற்கும்போது, ஈரலின் வேலையோடு அவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.