ஜான் மேயர் (இசையமைப்பாளர்)

ஜான் மேயர் (அக்டோபர் 28, 1930 - மார்ச் 9, 2004) இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இசையமைப்பாளரும் வயலின் கலைஞரும் ஆவார். இந்திய இராக, தாள முறைகளை ஜாஸ் இசையோடும் மேற்கத்திய செவ்வியல் இசையோடும் இணைத்த முன்னோடிகளுள் ஒருவர். ஜமைக்காவில் பிறந்த சாக்சபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டுடன் சேர்ந்து 1960களில் இவர் நடத்திய இந்தோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ் என்னும் குழுவினால் பெரிதும் அறியப்படுகிறார். இதே பெயருடைய அமெரிக்கப் பாடகர் வேறொருவர்.

பிறப்பும் கல்வியும்

மேயர் கொல்கத்தாவில் ஆங்கிலோ-இந்தியத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் மகனாகப் பிறந்தார். அங்கு பிலிப் சாந்த்ரேயிடமும், பின்னர் மும்பையில் மெலி மேத்தாவிடமும் பயின்றார். மெலி மேத்தா புகழ்பெற்ற இசை நடத்துனர் சுபின் மேத்தாவின் தந்தையாவார். 1952இல் உதவித்தொகை பெற்று லண்டன் ராயல் அக்காதெமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தார்.

இசைக்குழுக்களில்

1953 முதல் 1958 வரை லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவிலும், பின்னர் 1965 வரை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவிலும் வயலின் வாசித்தார். ஐரோப்பிய இசையை வாசிப்பது தொழிலாக இருந்தபோதும், இராகங்களை அடிப்படையாகக் கொண்ட ஆக்கங்களை 1952 முதலே எழுதி வந்தார். தனிக் கிளாரினெட்டுக்காக எழுதிய ராக மியூசிக் அவற்றுள் ஒன்று. இவருடைய வயலின் சொனாட்டாவை யெகுடி மெனுகின் 1955இல் வாசித்தார். மேற்கத்திய மெல்லிசைக் குழுக்களிடையே சிதார் மோகம் பரவுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முற்பட்ட முயற்சிகள் இவை.

இந்தோ-ஜாஸ்

இசைத்தட்டுத் தயாரிப்பாளர் டெனிஸ் பிரஸ்டன் ஒருமுறை சிறிய ஜாஸ் ஆக்கம் ஒன்று கேட்டபோது, கைவசம் இருப்பதாகச் சொல்லிவிட்டு மேயர் அதனை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று கூறப்படுகிறது. இதன் தொடர்ச்சியாக ஜோ ஹாரியட்டின் ஐவர் குழுவும் மேயர் தலைமையிலான ஐவர் குழுவும் ஒன்று சேர்க்கப்பட்டன. திவான் மோதிகார் சிதாரும், கேசவ் சாத்தே தபலாவும் வாசித்தனர். இந்தப் பத்துப் பேர் பங்குபற்றிய இந்தோ-ஜாஸ் சூட் 1966இல் வெளியானது. அதில் மேக், கௌட் சாரங் என்னும் இந்துஸ்தானி இராகங்களின் பெயரிலேயே இரு பகுதிகள் உள்ளன. மேக் இராகத்தின் சுரங்கள் கருநாடக இசையின் மத்தியமாவதியை ஒத்தவை. தொடர்ந்து இந்தோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ் (1967), அதன் இரண்டாம் தொகுதி (1968) ஆகியவை வெளிவந்தன. ஹாரியட் 1973இல் காலமானார்.

இணைப்பு முறை

ஜாஸ் கலைஞர் பெரும்பாலும் அடுத்தடுத்து மாறும் சுரக்கூட்டுகளின் மேல் கற்பனையை விரிப்பார். இராகமோ மாறாத ஆதார சுருதியின் மேல் நிற்பது. அடியில் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருந்தால் அதன் உருவம் சிதையும். சிதாரையும் சாக்சபோனையும் ஒரே மேடையில் அமர்த்துவதால் மட்டும் இச்சிக்கல் தீர்வதில்லை. எனவே மேயர் சுரக்கூட்டு மாற்றங்களைப் பெரிதும் குறைத்து, தம்புராவின் சுருதியை அடித்தளமாக்கினார். ஜாஸ் கலைஞர்கள் இராகத்தின் சுரங்களுக்குள் நின்று கற்பனை செய்ய வேண்டியிருந்தது. டிரம்ஸ் தபலாவின் தாளச் சுற்றோடு இசைந்து சென்றது. மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் புளூ (1959) ஒற்றைச் சுரவரிசையில் நீண்டநேரம் நின்று வாசிக்கும் முறையை ஏற்கெனவே பரவலாக்கியிருந்தது இதற்குத் துணையாயிற்று.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. கட்டற்ற ஜாஸ் முறையில் தனிவழி கண்டவர் ஹாரியட். இங்கோ பெரும்பகுதி மேயர் முன்கூட்டியே எழுதிவைத்ததாகும். ஆகவே இரு மரபுகளும் கலக்கின்றனவா, அல்லது மாறிமாறி ஒலிக்கின்றனவா என்பது இவ்விசைத்தட்டுகளைக் கேட்போரிடையே இன்றும் எழும் வினாவாகும். எனினும் இந்திய இசையை வெறும் அலங்காரமாக அன்றி, அதன் இலக்கணத்தோடு ஏற்க முயன்றமையே மேயரின் தனித்தன்மை.

இந்தோ-ஜாஸ் சூட்டில் பாஸ் வாசித்த ரிக் லெயர்ட், 1971இல் ஜான் மெக்லாலினின் மகாவிஷ்ணு இசைக்குழுவில் சேர்ந்தார். அதே மெக்லாலின் பின்னர் தமிழ்க் கலைஞர்களான வயலின் எல். சங்கர், கடம் டி. எச். விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவை நடத்தினார்.

பிற்காலம்

மேயர் 1989 முதல் பர்மிங்காம் இசைக் கல்லூரியில் இசையமைப்புக் கற்பித்தார். 1990களில் அக்கல்லூரி மாணவர்களைக் கொண்டு இந்தோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ் குழுவை மீண்டும் தொடங்கினார். அவருடைய மகன் ஜோனதன் மேயர் அதில் சிதார் வாசித்தார். 1997இல் இந்திய இசைக்கான இளநிலைப் பட்டப்படிப்பை அக்கல்லூரியில் மேயர் அறிமுகப்படுத்தினார். இரு இசைகளை இணைக்க விரும்புவோர் முதலில் இரண்டையும் முறையாகக் கற்கவேண்டும் என்னும் அவருடைய வாழ்நாள் நடைமுறை இதன்மூலம் பாடத்திட்டமாயிற்று. மார்ச் 2004இல் வடக்கு லண்டனில் கார் மோதி மேயர் காலமானார்.