பௌதிகப் பேராசிரியர் டாப்ளர்

ஆஸ்திரிய நாட்டிலுள்ள ஸால்ஸ்பர்க் நகரை உலகம் மோஸார்ட் என்னும் இசைப்பெரும்புலவரின் ஊராகவே அறியும். அவர் குடும்பத்தார் சில்லாண்டு குடியிருந்த சதுக்கத்திலேயே, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1803-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள், கல்தச்சர் ஒருவர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவுக்கு இட்ட பெயர் கிறிஸ்டியன் அந்திரேயாஸ் டாப்ளர் என்பது. பிற்காலத்து நூல்கள் பலவற்றில் யோஹான் என்றொரு முன்பெயர் எவ்வாறோ வந்து ஒட்டிக்கொண்டது. தம் பெயரையே பிறர் பிழைபட எழுதும் நிலை இவருக்கு வாய்த்தது போலும்! இன்று மருத்துவமனைதோறும் நாள்தோறும் ஒலிக்கும் பெயர் அது என்பதை நினைக்குங்கால், இப்பிழை நமக்கு வியப்பையே தருகின்றது.

டாப்ளர் குடியினர் பதினேழாம் நூற்றாண்டு முதலே அந்நகரிற் கல்வேலை செய்து பெயரும் பொருளும் ஈட்டியவர். ஆயின் இச்சிறுவன் மெலிந்த உடம்பினன். உளியையும் சம்மட்டியையும் நாள்முழுதும் தாங்கும் வலிமை அவனுக்கு இல்லை. இவனை என்ன தொழிலுக்கு விடுவது என்று கலங்கிய தந்தை, ஸ்டாம்ப்பர் என்னும் கணிதப் பேராசிரியரிடம் அறிவுரை வேண்டினார். அவர் மைந்தனின் கணிதத் திறமையை அறிந்து, வீயன்னாவிலுள்ள தொழிற்கலாசாலைக்கு அனுப்புமாறு சொன்னார். கல்தச்சுக்கு வேண்டிய உடல்வலி இருந்திருப்பின் இவ்வரலாற்றை யாம் எழுதப் புகுந்திரோம்.

1822-ஆம் ஆண்டிற் கல்வி தொடங்கிற்று. கல்வி முற்றியும் நிலையான பணி கிடைத்திலது. 1829 முதல் நான்கு ஆண்டுகள் வீயன்னாவில் உயர்கணிதப் பேராசிரியர்க்குத் துணைவராக இருந்தார். அதுவும் முடிந்தபின், பல கலாசாலைகளுக்கு விண்ணப்பம் விடுத்துக் காத்திருந்த காலத்தில், பஞ்சாலை ஒன்றிற் கணக்கெழுதி வயிறு வளர்த்தார். கணித ஆராய்ச்சிகள் எழுதி வெளியிட்ட கை, நூற்கண்டுகளின் வரவுசெலவை எழுதியது. மனம் வெறுத்து அமெரிக்கா செல்லத் துணிந்து, தம் உடைமைகளை விற்று, மியூனிச் நகர்வரை சென்று அந்நாட்டுப் பிரதிநிதியையும் கண்டார். அந்நிலையில், 1835-ஆம் ஆண்டில், பிராக் நகரத் தொழிற்பள்ளியிலிருந்து ஆசிரியர் பணிக்கு அழைப்பு வந்தது. கடலைக் கடக்க இருந்தவர் போஹீமியாவுக்குத் திரும்பினார். மறுவருடம் மணம் நிகழ்ந்தது. மனைவியார் ஸால்ஸ்பர்க் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரின் மகளார். மக்கள் ஐவர் பிறந்தனர்.

1841-இல் பிராக் தொழிற்கலாசாலையிற் கணிதப் பேராசிரியர் ஆனார். பதவி உயர்ந்தது, பாடும் உயர்ந்தது. ஒவ்வொரு பரீட்சைக் காலத்திலும் நூற்றுக்கணக்கான மாணாக்கரைத் தாமே எழுத்தாலும் வாய்மொழியாலும் சோதிக்கவேண்டியிருந்தது. முன்னரே நலிந்திருந்த நெஞ்சு இச்சுமையால் மேலும் நலிந்தது. இவர் மிகக் கடுமையாகத் தேர்வு நடத்துகின்றார் என்று மாணாக்கர் முறையிட்டனர். மேலிடத்தார் விசாரணையும் நடந்தது. மாணாக்கராகிய யாம் இவ்விடத்தில் எவர் பக்கம் நின்று பேசுவது என்று தெரியாது மேலே செல்கின்றோம்.

1842-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், போஹீமிய அரசவை விஞ்ஞானக் கழகத்தின் கூட்டமொன்றில், இரட்டை விண்மீன்களின் நிறவொளியைப் பற்றி டாப்ளர் ஓர் உரை படித்தார். கேட்டோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவ்வுரையின் கருத்து யாவர்க்கும் எளிதில் விளங்குவதே. கரையை விட்டு அலைகளை எதிர்த்துச் செல்லும் மரக்கலத்தின்மீது, ஒரு நாழிகையில் மோதும் அலைகள் மிகுதி. அலைகளோடு ஒருமுகமாய்க் கரை நோக்கி வரும் கலத்தின்மீது மோதுவன குறைவு. கடலின் அலை மாறவில்லை; கலத்தின் செலவே எண்ணிக்கையை மாற்றுகின்றது. ஒலியும் ஒளியும் அலைகளாயின் அவற்றுக்கும் இது பொருந்தவேண்டுமன்றோ? ஒலி செய்யும் பொருள் நம்மை நோக்கி வருங்கால் சுரம் உயர்ந்தும், விலகுங்கால் தாழ்ந்தும் கேட்கவேண்டும். ஒளியுடைய பொருள் நெருங்கினால் நீலத்தின் பக்கமும் அகன்றாற் செந்நிறத்தின் பக்கமும் சாயவேண்டும். இதனைச் சிறிய சமன்பாடொன்றிற் காட்டிவிட்டு, விண்மீன்களின் பலவகை நிறங்களுக்கெல்லாம் அவற்றின் ஓட்டமே காரணம் என்று முடித்தார்.

தத்துவம் உண்மை, முடிவு பிழை. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்வது. விண்மீனொன்று நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடினும், ஒளியலையில் விளையும் மாறுதல் பதினாயிரத்தில் ஒரு பங்கே. கண் அதனை அறியாது. விண்மீனின் நிறம் பெரும்பாலும் அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. கையிலிருந்த திறவுகோல் மெய்யானது, பூட்டுத்தான் வேறு என்று சொல்லலாம். இப்பிழையைப் பற்றிக்கொண்டு தத்துவத்தையே தள்ளினோர் பலர். டாப்ளரும் தம் விண்மீன் முடிவை எளிதில் விடவில்லை. இரு திறத்தாரிடத்தும் குறை உண்டு என்பதே எம் எண்ணம்.

ஒலியைப் பற்றிய பகுதியைச் சோதித்தவர் ஹாலந்து நாட்டுப் பைஸ் பாலட் என்னும் இளைஞர். விண்மீன் நிறத்தைப் பற்றிய கொள்கையை அவர் ஏற்றிலர். 1845-ஆம் ஆண்டு பெப்ருவரியில், உத்ரெக்ட் நகரை அடுத்த இருப்புப்பாதையில் சோதனை தொடங்கிற்று. பனியும் காற்றும் கெடுத்துவிட்டன. ஜூன் மாதத்தில் மீண்டும் முயன்றார். புகைவண்டியில் ஊதுகொம்பு இசைப்போரை ஏற்றி ஒரே சுரத்தை இடைவிடாது ஊதச் செய்தார். பாதையோரத்தில் சுரவேறுபாட்டை நுட்பமாய் உணரவல்ல இசைவாணரை நிறுத்தினார். வண்டி நெருங்குகையில் சுரம் ஏறிற்று, கடந்தபின் இறங்கிற்று. நொடிக்கு 20 மீட்டர் விரைவில் வருவதொன்றின் ஒலி ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்து கேட்கும் என்பது கணக்கு. விண்மீனை அளக்க எழுந்த கொள்கை இசைவாணரின் செவியால் நிலைபெற்றது. மோஸார்ட் வாழ்ந்த சதுக்கத்திற் பிறந்தவர்க்கு இது தகும்.

1847-இல் ஷெம்னிட்ஸ் என்னும் சுரங்க நகர்க் கலாசாலைக்குச் சென்றார். மறுவருடப் புரட்சியால் அங்கும் அமைதியில்லை. வீயன்னாவுக்கு மீண்டார். 1850-ஆம் ஆண்டில் அந்நகர்ச் சர்வகலாசாலையிற் புதிதாய் நிறுவப்பெற்ற பௌதிகக் கழகத்துக்குத் தலைவராக மன்னர் இவரை நியமித்தார். பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பாரம்பரிய விதிகளைக் கண்ட மெண்டல் என்னும் துறவி, அங்கே இவர் மாணாக்கராய் இருந்தவர்.

வாழ்வு ஒருவாறு நிலைகொண்டது என்னும்போது 1852-இற் பெரும்பகை முளைத்தது. பெட்ஸ்வல் என்னும் கணிதப் பேராசிரியர், நிழற்படக் கருவிக்கு உயர்ந்த வில்லை அமைத்துப் புகழ்பெற்றவர், வீயன்னா விஞ்ஞானப் பேரவையில் டாப்ளரின் கொள்கையைத் தாக்கினார். இத்துணை எளிய சமன்பாட்டிலிருந்து பெரிய உண்மை எதுவும் தோன்றாது என்பது அவர் வாதம். அலையின் அதிர்வெண் ஒருபோதும் மாறாது என்றும் கணித்துக் காட்டினார். அவர் கணிதத்திற் குற்றமில்லை. ஆயின் அது, ஒலிப்போனும் கேட்போனும் அசையாதிருக்க, இடையிலுள்ள காற்று மட்டும் ஓடுகின்ற நிலைக்கு உரியது. டாப்ளர் கூறியதோ ஒலிப்போனேனும் கேட்போனேனும் ஓடுகின்ற நிலை. இருவரும் இருவேறு பொருள்களைப் பற்றி வாதிட்டனர். எளிமையைக் குற்றமாகக் கொண்ட இவ்வாதத்தை யாம் பெரிதும் வெறுக்கின்றோம். 1860-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் மாஹ் என்னும் இளைஞர், சுழலுங் குழாயில் ஊதலொன்றைப் பொருத்திச் சுற்றிக் காட்டித் தத்துவத்தை மெய்ப்பித்தார். டாப்ளர் அதனைக் காண இருந்திலர். காசநோய் முற்றிய நிலையில், 1852 இறுதியில் வெப்பக்காற்றை நாடி வெனிஸ் நகர் சென்றார்; 1853-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். வயது 49. ஸான் மிக்கேலே என்னும் தீவிலுள்ள இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார்.

நெஞ்சுநோயால் மாண்ட இவருடைய தத்துவம் நெஞ்சினுள்ளே ஓடும் குருதியை அளக்கப் பயன்பட ஒரு நூற்றாண்டு சென்றது. 1880-இல் பியேர் கியூரியும் அவர் தமையனாரும், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர்; மின்சாரம் செலுத்தினால் அப்படிகம் அதிர்வதும் பின்னர் விளங்கிற்று. இவ்வதிர்வால் மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை உண்டாக்கலாம். ஜப்பானில் ஒஸாகா நகரச் சர்வகலாசாலையைச் சார்ந்த ஸாட்டோமுரா என்னும் அறிஞர், 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அவ்வொலியை மார்பினுட் செலுத்தி, இதயத்தின் அசைவையும் குருதியின் ஓட்டத்தையும் திரும்பிவரும் ஒலியால் உணர்ந்தார்.

நிகழ்வது இது. நொடிக்கு 50 லட்சம் முறை அதிரும் ஒலி, தசையின் வழியே நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் விரைவிற் சென்று, குருதியிலுள்ள சிவப்பணுக்களில் மோதி மீளுகின்றது. ஓடும் அணு முதலிற் கேட்போன் ஆகின்றது. பின் ஒலிப்போன் ஆகின்றது. ஆதலின் மாறுதல் இரட்டிக்கும். குருதி நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால், அதிர்வெண்ணில் விளையும் வேறுபாடு ஏறக்குறைய 6,500. இவ்வேறுபாடு மனிதன் கேட்கத்தக்க எல்லைக்குள்ளேயே அமைவது நற்பேறு. கருவியிற் செவி வைத்த மருத்துவர் குருதியின் இரைச்சலைக் கேட்கின்றார். தாயின் வயிற்றின்மேல் வைத்த சிறு கருவியிற் சிசுவின் இதயம் துடிப்பதைத் தாயே கேட்பதும் இதனாலேதான். ஒலி, குருதியோட்டத்துக்குச் செங்குத்தாய்ப் பட்டால் ஒன்றும் கேளாது. கையைச் சாய்த்துப் பிடித்தல் வேண்டும்.

இதய வாயிலொன்று சுருங்கினால், சுருங்கிய கால்வாயின் நீர் போலக் குருதி அவ்விடத்தில் விரைந்து பாயும். மீட்டரிற் கண்ட விரைவைத் தன்னாற்றானே பெருக்கி நான்கினாற் பெருக்கின், வாயிலின் இருபுறத்து அழுத்த வேறுபாடு பாதரச மில்லிமீட்டரிற் கிடைக்கும். விரைவு 4 ஆயின் அழுத்தம் 64. பெருந்தமனியின் வாயிலில் இது கடுஞ்சுருக்கத்துக்கு அறிகுறி. முன்னர் இதனை அறிய நாளத்தின் வழியே மெல்லிய குழாயை இதயத்துட் செலுத்தவேண்டியிருந்தது. இன்று பெரும்பாலோர்க்குத் தோலின்மேல் வைத்த கருவியே போதும். பெட்ஸ்வல் இகழ்ந்த எளிய சமன்பாடுதான் இக்கருவியின் உள்ளே கணக்கிடுகின்றது. மயிரிழையினும் நுண்ணிய குழல்களில் ஓடும் திரவத்தின் விரைவை லேசர் ஒளியால் அளப்போரும் அதனையே கையாள்கின்றனர்.

1980-க்குப் பின் குருதியோட்டத்தை நிறங்களாகவே திரையிற் காட்டும் முறையும் வந்தது. நெருங்கி வரும் விண்மீன் நீலமாகவும் அகல்வது செம்மையாகவும் தோன்றும் என்று டாப்ளர் பிராக் நகரிற் கூறினாரன்றோ? மருத்துவர் இதனைத் தலைகீழாக்கிவிட்டனர். அவர்கள் திரையில், கருவியை நோக்கி வரும் குருதி சிவப்பு. விலகிச் செல்வது நீலம்.