ஸ்பிரிங் இல்லாத சில்லில் 13 வெற்றிகள்

எமது பிள்ளைகள் ஓடும் மோட்டார் சைக்கிளின் பின்சில்லில் குலுக்கத்தைத் தாங்க ஸ்பிரிங் இருக்கிறது. அது இல்லாத காலத்தில் மண் தடங்களில் வெற்றிகளைக் குவித்தவர் ஜோ பெட்ராலி.

1904இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து சக்ரமென்டோவில் வளர்ந்தவர். அந்நாளைய மண் தட வண்டிகளில் முன் ஃபோர்க்கில் மட்டுமே ஸ்பிரிங். பின்சில்லு சட்டத்தோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். பிரேக்கும் கிடையாது. வளைவில் பின்சில்லைச் சறுக்கவிட்டு, இரும்பு பூட்டிய இடது சப்பாத்தை மண்ணில் ஊன்றித் திரும்ப வேண்டும். சில்லு துள்ளினால் பிடி போய்விடும். ஆகவே தடத்தின் குழிகளை ஓட்டுநரின் முழங்கால்களும் கைகளுமே வாங்கிக்கொண்டன. இப்படித்தான் 1935இல் ஹார்லி டேவிட்சன் வண்டியில் அமெரிக்கத் தேசிய மண் தடப் போட்டிகள் 13இலும் அவர் வென்றார்.

1937 மார்ச்சில் டேடோனா கடற்கரையில் வேகச் சாதனைக்கு இறங்கினார். காற்றைக் கிழிக்கவென வண்டிக்குத் தகட்டுக் கூடு போட்டிருந்தார்கள். வேகம் ஏற முன்சில்லு மணலைவிட்டு எழும்பியது. கூட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓடினார். மணிக்கு 136.183 மைல்!

பின்னாளில் ஹவார்ட் ஹியூஸிடம் வேலை செய்தார். 1947 நவம்பர் 2இல் ஹியூஸின் மாபெரும் மரவிமானம் ஒரேயொரு தடவை பறந்தபோது அதில் பறப்புப் பொறியாளராக இருந்தார். 1973இல் காலமானார்.

சில்லு நிலத்தைப் பிடித்திருந்தால்தான் வேகத்துக்குப் பயன் உண்டு. வண்டி வாங்கும் எமது பிள்ளைகள் இஞ்சினோடு நின்றுவிடாமல், தங்கள் பாரத்துக்கு ஏற்றபடி ஸ்பிரிங்கையும் சரிசெய்து ஓடட்டும். வீட்டில் காத்திருக்கும் நாம் கேட்பது அவ்வளவுதான்.