கற்பிட்டி தந்த சைமன் காசிச்செட்டி

கற்பிட்டி என்றதும் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையே பலருக்கு நினைவில் வரும். அவ்வூரில் 1807 மார்ச் 21ஆம் திகதி செட்டியார் குடும்பமொன்றில் பிறந்த அறிஞர் சைமன் காசிச்செட்டியை நினைப்பவர் குறைவு. பதினேழு வயதில் புத்தளம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். பின்னர் மணியகாரர், முதலியார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. பிற்காலத்தில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதி. பதவிகளைப் பற்றி இவ்வளவு போதும்.

எந்த ஊர், யார் வழி வந்தவர் என்று தேடி எழுதுவதே அவரது உண்மையான ஈடுபாடாக இருந்தது. 1834இல், 27 வயதிலேயே, இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரிக்கும் கசற்றியர் நூலை வெளியிட்டார். நமது கரையில் நன்கறிந்த பரவர் சமூகத்தின் பூர்வீகம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1837இல் லண்டன் அரச ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வந்தது.

1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான தமிழ் புளூராக் அவரது பெரும்பணி. பெரியோர் வாழ்க்கைகளை எழுதிய கிரேக்கரின் பெயரைத் தாங்கிய இந்நூல், தமிழகத்திலும் ஈழத்திலும் வாழ்ந்த ஏறத்தாழ இருநூறு புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் கூறுகிறது. பழைய நூல்கள் பல அப்போது ஏட்டிலேயே கிடந்தன. புலவரின் பெற்றோர் யார், பிறந்த ஊர் எது என்பதற்குச் செவிவழிக் கதைகளையே பெரிதும் நம்பவேண்டியிருந்தது. அதனால் சில காலக் கணிப்புகளை இன்று ஏற்க முடியாது. ஆயினும் அவர் எழுதி வைத்தபடியால்தான் பின்வந்தோருக்குத் திருத்துவதற்கென்று ஒன்று இருந்தது. 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு அது மறுபதிப்பானது. காசிச்செட்டி 1860 நவம்பரிலேயே காலமாகிவிட்டார்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இவர்மீது தனி மரியாதை உண்டு. நீரிழிவோ, இருதய நோயோ, தலசீமியாவோ, எதைச் சந்தேகித்தாலும் குடும்ப வரலாற்றை நாங்கள் கேட்டாக வேண்டும். தந்தை வழியில் மூன்று தலைமுறை சொல்பவர்கள்கூடத் தாய் வழியில் அம்மம்மாவோடு, உம்மம்மாவோடு நின்றுவிடுகிறார்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் வந்து அமர்ந்ததை அக்காலத்து மாணவிகள் மறந்திருக்கமாட்டீர்கள். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கைவிடப்பட்ட வீடுகளோடு போயின. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற தோம்பு போல அவர்களுக்கு எஞ்சியது வயதான பெண்களின் ஞாபகம் மட்டுமே.

தோஹாவிலும் டொரொன்டோவிலும் இருக்கும் சகோதரிகளே, அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு கொப்பி கொண்டு வாருங்கள். அம்மம்மாவின் தாயார் பெயர், அவர் பிறந்த ஊர், அவரது உடன்பிறந்தோருக்கு வந்த நோய் என்று சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால், அது புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டாலும் போதும்.