பறவையறிஞர் சாலிம் அலி

புதுவையினின்று மேற்கே ஊசுட்டேரிப் பக்கம் செல்வோர் பனைமரங்களிலே தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கக் காண்பர். குறுந்தொகையிலும் இக்கூடு உவமையாக வந்துளது. களிமண்ணில் மின்மினியைப் பதித்து இக்குருவி இரவில் விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார் கதை சொல்வர். முற்றுப்பெறாது தொங்கும் கூடுகளைச் சேவல் ஊஞ்சலாடக் கட்டியவை என்றே யானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். (பறவையின் ஆணைச் சேவல் என்றும் பெண்ணைப் பேடை என்றும் கூறும் மரபு பற்றி ஈண்டு எழுதுகின்றேன்.) அந்த எண்ணத்தைப் பிழையென்று காட்டியவர் சாலிம் அலி.

இவர் 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, மாமன் அமீருத்தீன் தயாப்ஜி வீட்டில் வளர்ந்தார். மாமன் வேட்டைப் பிரியர். மருகனும் சிறுதுப்பாக்கி ஏந்தினான். ஒருநாள் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சட்புள்ளி கண்டு ஐயுற்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துச் செயலாளர் மில்லர்டு துரையிடம் சென்றதும், அவர் காட்டிய பறவைத் தொகுதியில் சிறுவன் உள்ளம் பறிகொடுத்ததும் பலர் அறிந்தவை.

அதனினும் என்னை நிறுத்தியது மற்றொரு செய்தி. 1906, 1907-ஆம் ஆண்டளவில், சுவர்ப்பொந்து ஒன்றில் ஊர்க்குருவிப் பேடை அடைகாத்திருக்க, வாயிலில் நின்ற சேவலைச் சிறுவன் மறைந்திருந்து சுட்டான். சற்றைக்கெல்லாம் வேறொரு சேவல் அவ்விடத்தே வந்து நின்றது. அதனையும் சுட்டான். இங்ஙனம் ஏழு நாளில் எட்டுச் சேவல்கள் மடிந்தன. ஒவ்வொரு முறையும் பேடைக்குப் புதுத்துணை வாய்த்தது. கொடிய செயல்தான். ஆயினும் அவன் அதனைக் குறித்து வைத்தான். பேடையின்றித் திரியும் சேவல்கள் எத்துணை, அவை எங்கே காத்திருந்தன என்னும் வினாக்கள் அக்குறிப்பினுள் அடங்கியிருந்தன.

கல்லூரியிற் கணக்கோடு மல்லாட மாட்டாது படிப்பை விட்டுப் பர்மா சென்று, தமையனுடன் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டார். மீண்டு வந்து வணிகக் கல்வி பயிலுங்கால், தூய சவேரியார் கல்லூரியின் பிளாட்டர் அடிகள் இவர்தம் நாட்டம் அறிந்து விலங்கியல் கற்கத் தூண்டினார். 1918-ல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். பட்டம் இன்மையால் பறவையியல் அலுவல் ஒன்று கைகூடவில்லை. 1926-ல் பம்பாய்ப் பொருட்காட்சிச் சாலையில் விளக்கவுரையாளர் ஆனார். விடுப்பெடுத்துப் பெர்லின் சென்று ஸ்டிரெசெமன் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930-ல் திரும்பியபோது, பொருளின்மையால் அவ்வேலையே நீக்கப்பட்டிருந்தது. மனைவியுடன் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரிற் குடியேறினார். வயது முப்பத்துமூன்று, வருவாய் இல்லை. வீட்டருகே இருந்தது தூக்கணாங்குருவிக் குடியிருப்பு ஒன்றே.

மழைக்காலம் முழுதும் அதனைக் கண்காணித்தார். சேவல் புல்லைக் கிழித்துக் கிழித்து முடைந்து, தலைக்கவசம் போன்ற வடிவு வந்ததும் நிறுத்திவிடுகிறது. பின் பேடைகள் வருகின்றன. சேவல்கள் சிறகடித்து ஆரவாரிக்க, பேடை உள்ளே புகுந்து நார்களை இழுத்துப் பார்க்கிறது. பிடித்தால் தங்குகிறது, பிடியாவிடில் அடுத்த கூட்டிற்குப் போகிறது. ஏற்கப்பட்ட கூட்டையே சேவல் நீண்ட நுழைகுழலுடன் முடிக்கிறது. முடித்தவுடன், பேடை முட்டைகளை அடைகாக்க, தான் அருகிலேயே மற்றொரு கூடு தொடங்கி மற்றொரு பேடையை அழைக்கிறது. ஆகவே பாதிக்கூடுகள் ஊஞ்சலல்ல, எப்பேடையும் ஏற்காதவை. இக்கண்டுபிடிப்பு 1931-ல் கழகத்தின் ஏட்டில் வெளிவந்து அவர்க்குப் பெயர் தந்தது.

சேவல் ஆண்டு முழுதும் இங்ஙனம் இருப்பதன்று. பருவம் கழிந்தால் அதன் மஞ்சள் முடி மறைகிறது. பேடை போலவே மங்கிய நிறங்கொண்டு, நேற்றுப் போரிட்ட சேவல்களோடு ஒரே கூட்டமாய்க் கதிர்மணி பொறுக்குகிறது. இம்மாற்றத்தின் காரணத்தை வேறு சிலர் ஆராய்ந்தனர். கனடா நாட்டு ரோவன் என்பார், 1920-களில், கடுங்குளிரிற் கூண்டுப் பறவைகட்கு மின்விளக்கால் பகலை நீட்டிக்கொடுக்க, அவற்றின் விதைச்சுரப்பிகள் பருவமின்றியே வளர்ந்தன. பகல் நீள்வதை மூளை உணர்கிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கிளர்கிறது. அதன் ஏவலால் விதைச்சுரப்பி ஹார்மோனைக் குருதியிற் பெய்கிறது. கூடு முடைதலும் இடங்காத்தலும் போரும் அதன் விளைவுகள். வியப்பு யாதெனின், இக்குருவியினத்தில் விதை நீக்கிய சேவலும் மஞ்சள் நிறம் பெறுகிறது. நிறத்தை ஆள்வது பிட்யூட்டரியின் ஹார்மோன் என்று கண்டனர். கோலம் ஓரிடத்தாலும் குணம் ஓரிடத்தாலும் வருகின்றன. கிஹிமில் சாலிம் அலி கண்ணாற் கண்டது இவற்றின் புறத்தோற்றமே. ஆயினும் அதனைப் பிழையறக் கண்டு எழுதியவர் இல்லையேல், ஹார்மோன் எச்செயலை ஆள்கிறது என்று கேட்கவும் இடமில்லை.

பின்னர் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய நாடுகளின் பறவைகளை ஊதியமின்றி, செலவுக்கு மட்டும் பொருள் பெற்று ஆராய்ந்தார். தெஹ்மினா அம்மையார் முகாந்தோறும் உடன் சென்றார். 1939-ல் அறுவை மருத்துவத்தின் பின் அவர் இறந்தமை சாலிம் அலியைப் பெரிதும் வாட்டியது. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவர்தம் நூல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் இயற்றிய பத்துத் தொகுதிகள் பிற்பட்டவை. 1976-ல் பத்மவிபூஷண் பெற்றார். 1987 ஜூன் 20-ஆம் நாள், தொண்ணூறு வயது நிரம்பியவராய், பம்பாயில் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990-ல் தோன்றிய பறவையியல் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.