அரிசிமணி அளவு அலை தந்த அறிஞர்

செடி கொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் என்றே சர் ஜகதீச சந்திர போஸை நாம் அறிவோம். ஆனால் இன்று மோட்டார் கார்களில் பொருத்தப்படும் சின்னஞ்சிறு ரேடார்களுக்கு உயிரான மில்லிமீட்டர் அலைகளின் முன்னோடியும் அவரே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார் போஸ். கிராமப் பள்ளியில் தாய்மொழியில் கல்வி தொடங்கி, பின்னர் கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் பயின்றார். அங்கே இயேசு சபைக் குருவான லஃபோன் அடிகளார் சோதனைகள் செய்துகாட்டிப் பௌதிகம் கற்பித்த முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கேம்பிரிட்ஜில் மேற்படிப்பு முடித்து, 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார்.

ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்பது அக்கால வழக்கம். போஸ் அதை ஏற்கவில்லை, வேலையை விடவுமில்லை. மூன்றாண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். முடிவில் அரசு இணங்கி, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு வழங்கியது. அந்தச் சோதனைக் காலத்தில், 1887இல், அவர் கரம்பற்றிய அபலா அம்மையார் நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர். பிற்காலத்தில் பெண் கல்விக்காக அயராது உழைத்தவர்.

1894இல் போஸ் ஆராய்ச்சியில் இறங்கினார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் கண்ட மின்காந்த அலைகள் நீளமானவை. ஒளியைப் போன்ற அவற்றின் குணங்களைச் சிறிய அறைக்குள் ஆராய, அலையைச் சுருக்க வேண்டும் என்று உணர்ந்தார் போஸ். தகரவேலைக்காரர் ஒருவரின் துணையோடு தாமே கருவிகள் செய்து, 5 மில்லிமீட்டர் வரை அலையைச் சுருக்கினார். ஓர் அரிசிமணியின் நீளம்! ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே ஈயத்தாள் செருகி, ஒரே திசையில் அதிரும் அலைகளைப் பிரித்தெடுத்தார். 1895இல் கல்கத்தாவில் பலர் முன்னிலையில், சுவரைக் கடந்து சென்ற அலையால் மணியை ஒலிக்கச் செய்தார். 1897இல் லண்டன் அறிஞர்களும் அவர் கருவிகளைக் கண்டு வியந்தனர்.

உலகமோ நெடுந்தூரம் செல்லும் நீண்ட அலைகளையே நாடியது. குட்டி அலைகள் தம் காலத்துக்காகக் காத்திருந்தன. இன்றைய கார் ரேடார் அலையின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரே. அலை சிறுத்தால் ஆண்டெனாவும் சிறுக்கும். ஆகவே உள்ளங்கை அளவுப் பலகையில் பல ஆண்டெனாக்கள் அடங்குகின்றன. ஒரு பொருளின் மீது பட்டுத் திரும்பும் அலை, ஒவ்வொன்றையும் சற்று முன்பின்னாக வந்தடைகிறது. அந்த நுண்ணிய வேறுபாட்டைக் கணிப்பொறி கணக்கிட்டு, மூடுபனியிலும் இருளிலும் பொருளின் வடிவத்தைப் படமாக்குகிறது. விலை மலிவான ஒரே ரேடாரைச் சிறிது சிறிதாக நகர்த்தி அலைகளைச் சேகரித்தாலும், அது ஒரு பெரிய ஆண்டெனா போல் தெளிவான படம் தருகிறது.

1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய போஸ், 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மறைந்தார். கருவி இல்லை, இடம் இல்லை என்று நாம் சோர்வடையும்போது, ஈயத்தாள் செருகிய அந்த ரயில் புத்தகத்தை நினைத்துக்கொள்வோம். இருப்பதைக் கொண்டு தொடங்குவோமாக!